மாத்திரை தொடங்கிய பின் வரும் வலி

மாதவிடாய் நின்றதும் ஹார்மோன் சிகிச்சை தொடங்கும் பெண்களில் பலருக்கு முதல் சில வாரங்கள் ஏமாற்றமாகவே கழிகின்றன. குப்பென்று வேர்ப்பது குறையத் தொடங்கியிருக்கும். ஆனால் மார்பு கனத்து வலிக்கும், வயிறு உப்பும், தலை இடிக்கும், நடுராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். சிலருக்குக் காரணமே தெரியாமல் அழுகை வரும். வீட்டில் இருப்பவர்கள் மேல் எரிந்து விழுந்துவிட்டு, பிறகு அதற்காகவும் அழுவார்கள். 'இதுக்கு அந்த வேர்வையே தேவலை' என்று மாத்திரை அட்டையை அலமாரியின் மூலையில் போட்டுவிடுகிறார்கள். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரிடம் திரும்பிப் போய் இதைச் சொல்வதில்லை.

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டையும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் குடியிருப்புகளும் ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பின் முன்னால் மறுபடி நிற்கும் பெண்கள் இங்கே நிறையப் பேர். கோரிமேட்டில் ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை என்று பெரிய மருத்துவமனைகள் பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் இந்த வலியைச் சொல்வதற்கென்று அங்கே போகிறவர்கள் குறைவு. 'இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கிறதுதான்' என்று வீட்டிலேயே சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

சிகிச்சையின் தொடக்கத்தில் வரும் வலிக்கும் மனமாற்றத்துக்கும் பெரும்பாலும் காரணம் கண்டுபிடித்துவிடலாம். எந்த வகை ஹார்மோன், எவ்வளவு, எந்த வழியாக உடலுக்குள் போகிறது, மாதத்தில் எந்த நாட்களில் போகிறது என்ற நான்கில் ஏதோ ஒன்று அந்த உடலுக்குப் பொருந்தாமல் இருக்கும். நான்கையும் மாற்ற முடியும். அதற்கு, நடப்பதை டாக்டர் அறிந்திருக்க வேண்டும்.

முதலில், மருந்து இல்லாதபோதே உடம்பு ஏன் வலிக்கிறது என்று பார்ப்போம். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராவிட்டால் அதை மெனோபாஸ் என்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46 வயதை ஒட்டி வந்துவிடுகிறது. மேற்கு நாடுகளில் 51. ஆனால் தொல்லை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். அந்தக் காலத்தில், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் படியிறங்குவது போலச் சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் வழக்கத்தைவிட எகிறும், அடுத்த மாதம் அடியோடு விழும். தொழிற்பேட்டையில் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: மின்னழுத்தம் ஏறி ஏறி இறங்கினால் மோட்டார் தாங்காது. மூளைக்கும் அப்படித்தான். மனச்சோர்வும் படபடப்பும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து நிலைத்துவிட்ட பிற்காலத்தைவிட, அது தள்ளாடும் இந்த இடைக்காலத்தில் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேர்வைக்கான காரணம் மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நவோமி ரான்ஸ் என்ற மருத்துவர், மாதவிடாய் நின்ற பெண்களின் மூளைத் திசுக்களை ஆராய்ந்தபோது, அங்கே ஒரு நரம்பணுத் தொகுதி மட்டும் வீங்கிப் பெரிதாகியிருப்பதைக் கண்டார். ஈஸ்ட்ரோஜனின் பிடி விலகியதால் கட்டுப்பாடு இழந்த அணுக்கள் அவை. உடல் சூட்டை ஒழுங்குபடுத்தும் மையத்தை அவை சீண்டுகின்றன. உடம்பு சூடாகாமலேயே 'சூடாகிவிட்டது' என்று மூளை நம்பி வேர்வையைத் திறந்துவிடுகிறது. இந்த அணுக்களின் செய்தியைத் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற ஹார்மோன் அல்லாத மாத்திரைக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி வழங்கியது. கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டுதான் அதைக் கொடுக்க வேண்டும்.

வலியின் கதை வேறு. குருத்தெலும்பு, மூட்டைச் சுற்றிய சவ்வு, தண்டுவட நரம்புகள் எல்லாவற்றிலும் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. நம் மூளை தனக்குத் தானே சுரந்துகொள்ளும், மார்ஃபின் போன்ற வலி நிவாரணிகளும் ஈஸ்ட்ரோஜனோடு தொடர்புடையவை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான பெண்களின் தாடைத் தசையில் உப்புக் கரைசலைச் செலுத்தி வலியை உண்டாக்கி, மூளையைப் படம் பிடித்தார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்திருந்தபோது மூளையின் வலி நிவாரணி அமைப்பு மந்தமாக இருந்தது; எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் பட்டையைத் தோலில் ஒட்டிய பிறகு அதே பெண்களிடம் அது சுறுசுறுப்பாக வேலை செய்தது. 'மூட்டுக்கு மூட்டு வலி', 'கை கால் குடைச்சல்' என்று பெண்கள் சொல்வதை எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மனப்பிரமை என்று ஒதுக்குவது பெரிய அநியாயம்.

அப்படியானால் ஹார்மோன் கொடுத்தால் மூட்டுவலி பறந்துவிடுமா? இல்லை. அமெரிக்காவில் கர்ப்பப்பை நீக்கப்பட்ட 10,739 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், ஓராண்டு ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களில் 76.3 சதவீதத்தினர் மூட்டுவலி இருப்பதாகச் சொன்னார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 79.2 சதவீதம். வித்தியாசம் உண்மையானது, ஆனால் சிறியது. வேர்வையையும் தூக்கக் கெடுதலையும் போக்குவதில் ஹார்மோனுக்கு நிகர் இல்லை. வலிக்கு அது பாதித் துணைதான். தூக்கம் திரும்பினாலே வலியின் கூர்மை மங்கும் என்பதால், பலர் உணரும் நிவாரணம் அந்த வழியாகவும் வருகிறது. விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதுவும் இதே வயதில்தான் அதிகம் தலைகாட்டும். தைராய்டு, வைட்டமின் டி, சர்க்கரை மூன்றையும் பார்க்காமல் எல்லா வலியையும் மெனோபாஸ் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இனி மருந்தின் பக்கம் வருவோம். இதில் பிரான்சுக்கு ஒரு தனி இடம் உண்டு. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தக் கதை கொஞ்சம் கிட்டத்திலேயே இருக்கிறது. பாரிஸ் மருத்துவர் கார்தான், பெண்களின் இந்தப் பருவத்தைப் பற்றி ஒரு முழு நூலை 1821-ல் வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1823-ல், பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. இன்றைய ஜிப்மரின் வேர் அது. பின்னால் ஹார்மோன் சிகிச்சை வந்தபோது, அமெரிக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இரண்டு வேறு பாதைகளில் போனார்கள்.

அமெரிக்கப் பாதை, கருவுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜன். 1942 முதல் விற்பனையில் இருந்த அந்த மாத்திரை லட்சக்கணக்கான பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வருகிறது என்று 1975-ல் தெரிந்ததும், உட்சுவரைக் காக்க மெட்ராக்சி புரோஜெஸ்டிரோன் என்ற செயற்கை ஹார்மோனைச் சேர்த்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்த மாத்திரையை 16,608 பெண்களிடம் பரிசோதித்த ஆய்வு 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு எடுத்தால் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய், 8 பேருக்குப் பக்கவாதம், 8 பேருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டு என்று கணக்கு வந்தது. உலகம் முழுக்கப் பெண்கள் ஒரே இரவில் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், அவர்களில் பலருக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது என்பதும் பரவலாகப் பேசப்பட மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்கு நன்மையும் தீமையும் சேரும் தராசு வேறு மாதிரி சாய்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் மேலிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கும் முடிவை 2025 நவம்பரில்தான் அறிவித்தது. நடுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ பெண்கள் தேவையில்லாமல் வேதனைப்பட்டார்கள் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் 1970-களிலிருந்தே எஸ்ட்ரடையாலை ஜெல்லாகத் தோலில் தடவும் முறையைக் கையாண்டார்கள். 1980-ல், சினைப்பை சுரப்பதை அச்சாக ஒத்த புரோஜெஸ்டிரோனை நுண்துகளாக்கி மாத்திரையாகக் கொண்டுவந்தார்கள். வாய்வழி போகும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களின் உற்பத்தியைக் கூட்டிவிடுகிறது. தோல் வழியாகப் போவது இந்தச் சுற்றைத் தவிர்த்துவிடுகிறது. ஸ்கராபன் என்ற ஆய்வாளரின் குழு பிரான்சில் நடத்திய 'எஸ்தர்' ஆய்வு 2007-ல் இதை எண்களில் காட்டியது: வாய்வழி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டு அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்கு, தோல் வழியாக எடுத்தவர்களுக்கு அபாயம் கூடவில்லை. பிரெஞ்சு ஆசிரியைகளைப் பெருமளவில் பின்தொடர்ந்த 'ஈ3என்' ஆய்வில், நுண்துகள் புரோஜெஸ்டிரோனோடு சேர்த்து எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. பெரும்பாலான செயற்கை வகைகளோடு எடுத்தவர்களுக்குக் கூடியிருந்தது. ஐந்தாண்டுக்கு மேல் எடுக்கும்போது இயற்கை வகையிலும் சற்று உயர்வு தெரிந்தது என்பதையும் அதே ஆய்வின் பின்னாளைய முடிவுகள் சொல்கின்றன.

மாத்திரைக்கும் ஜெல்லுக்கும் உள்ள இந்த வேறுபாடு வலிக்கும் மனநிலைக்கும் நேரடியாகப் பொருந்தும். மாத்திரையால் ரத்தத்தில் ஹார்மோன் அளவு ஏறி இறங்கும்போது ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது கிளறிவிடும். ஜெல்லில் அளவு சீராக இருப்பதால் பலருக்குத் தலைவலி அடங்குகிறது. குமட்டலும் ஜெல்லில் குறைவு. மார்பு வலி, கால் சுண்டல் இரண்டும் பெரும்பாலும் தொடக்க அளவு அதிகமாகிவிட்டதால் வருபவை. அளவைப் பாதியாக்கி மெல்ல ஏற்றினால் பலருக்குச் சரியாகிவிடும். ஜெல் இந்தியாவிலும் கிடைக்கிறது, மாத்திரையைவிட விலை கூடுதல். எங்கள் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் அதைத் தடவுவதற்கும் ஒரு முறை வேண்டும்: குளித்துத் துடைத்த பிறகு, மின்விசிறியின் கீழே, கையிலோ தொடையிலோ தடவி நன்றாக உலரவிட வேண்டும். மார்பில் தடவக் கூடாது. உலர்வதற்குள் பேரக்குழந்தையைத் தூக்கக் கூடாது. ஹார்மோன் குழந்தையின் தோலிலும் ஏறும்.

மனநிலைக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் நண்பன். வட கரோலினா பல்கலைக்கழகம் மாதவிடாய் நிற்கும் காலகட்டத்தில் இருந்த 172 பெண்களை ஓராண்டு பின்தொடர்ந்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டது. வெற்றுப் பட்டை ஒட்டியவர்களில் 32.3 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் தோன்றின. எஸ்ட்ரடையால் பட்டையும் இடையிடையே நுண்துகள் புரோஜெஸ்டிரோனும் எடுத்தவர்களில் 17.3 சதவீதம். ஆனால் மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு வரும் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஹார்மோன் மருந்து ஆகாது. அதற்கு மனநல சிகிச்சைதான்.

மனதைக் குழப்புவது பெரும்பாலும் கூட்டணியின் மற்றவர், புரோஜெஸ்டிரோன். உடல் இதைச் சிதைக்கும்போது அலோபிரெக்னனலோன் என்ற பொருள் உண்டாகிறது. மூளையில் அமைதியூட்டும் 'காபா' ஏற்பிகளை அது தூண்டும். பெரும்பாலோருக்கு அதனால் நிம்மதியான தூக்கம் வருகிறது; நுண்துகள் புரோஜெஸ்டிரோனை இரவு படுக்கும் முன் எடுக்கச் சொல்வது அதனால்தான். ஆனால் சில பெண்களின் மூளையில் அதே பொருள் நேர்மாறாக எரிச்சலையும் அழுகையையும் கிளப்புகிறது. இளம் வயதில் மாதவிடாய்க்கு முந்தின வாரம் கடுகடுவென்று இருந்தவர்கள், பிரசவத்துக்குப் பின் மனம் உடைந்திருந்தவர்கள் இதில் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். அந்தப் பழைய விவரத்தை டாக்டரிடம் சொல்வது ரத்தப் பரிசோதனையைவிடப் பயனுள்ளது.

நுண்துகள் புரோஜெஸ்டிரோன் நம் ஊரில் பலருக்கும் தெரிந்த மாத்திரைதான், வேறு ரூபத்தில்: கருத்தரித்த பெண்களுக்குக் கர்ப்பம் தங்குவதற்காக எழுதிக் கொடுப்பது. ஐம்பது வயதில் மருந்துக் கடையில் அதை வாங்கும் அம்மா, 'மருமகளுக்குக் கொடுத்த மாத்திரையை எனக்கு ஏன் எழுதியிருக்காங்க' என்று திகைத்துப் போடாமல் வைத்துவிடுவது நடக்கக்கூடியதே. அதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. கர்ப்பப்பை உள்ள ஒருவர் ஈஸ்ட்ரோஜனைத் தொடர்ந்துகொண்டு, மனதைக் கெடுக்கிறது என்று புரோஜெஸ்டிரோனை மட்டும் தானாக நிறுத்தினால், 1975-ல் கண்ட அதே உட்சுவர்ப் புற்றுநோய்க்கு வழி திறந்துவிடுகிறார். நிறுத்துவதானால் இரண்டையும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் செய்யக்கூடியவை நிறைய: செயற்கை வகையிலிருந்து நுண்துகள் வகைக்கு மாற்றலாம், வாய்வழிக்குப் பதில் பிறப்புறுப்பு வழியாக வைக்கச் சொல்லலாம், லெவோனார்ஜெஸ்ட்ரல் கசியும் கருத்தடைச் சாதனத்தைக் கர்ப்பப்பையில் பொருத்தினால் உட்சுவர் காக்கப்படும், மூளைக்குப் போகும் அளவும் குறையும்.

புரோஜெஸ்டிரோன்தான் காரணமா என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த சோதனை எதுவும் தேவையில்லை. மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும் அதை எடுப்பவர்கள், பால் கணக்கு எழுதும் அதே சுவர் நாட்காட்டியில் மாத்திரை நாட்களுக்கு ஒரு குறியும், அழுகை, எரிச்சல், மார்பு வலி வந்த நாட்களுக்கு வேறொரு குறியும் போட்டு வரலாம். இரண்டு மூன்று மாதத்தில் இரண்டு குறிகளும் ஒன்றாகச் சேர்கின்றனவா என்று கண்ணுக்கே தெரியும். அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனால், நெரிசலான ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களும் வீணாகாது.

புரோஜெஸ்டிரோனை இப்படி மாதத்தில் சில நாள் மட்டும் எடுப்பவர்களுக்கு மாதாமாதம் ரத்தப்போக்கு வருவது இயல்பு. தினமும் இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் திட்டுத்திட்டாகக் கசியலாம். 'நின்னு போனது திரும்ப வந்துடுச்சே' என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஆறு மாதம் தாண்டியும் கசிந்தால், அல்லது நின்ற பிறகு புதிதாகத் தொடங்கினால் ஸ்கேன் அவசியம். மார்பு வலி, உப்பசம், தலைவலி பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தணிந்துவிடும். அதன் பிறகும் இருந்தால் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ சிறிதும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைதூக்கினால், அதுவும் அவசரம்தான். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இன்னொரு வலியை வாய்விட்டுச் சொல்லவே பெண்கள் கூசுகிறார்கள். பிறப்புறுப்பு உலர்ந்து, சிறுநீர் போகும்போது எரிகிறது, தாம்பத்திய உறவு முள்ளாகக் குத்துகிறது. சிறுநீர்த் தொற்று என்று நினைத்து மாறி மாறி ஆன்டிபயாடிக் சாப்பிட்டு அலுத்தவர்கள் உண்டு. அந்த இடத்தில் மட்டும் பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு சில வாரங்களில் இதைச் சரிசெய்துவிடும். ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். வேர்வை நின்றுவிட்டாலும் இந்த உலர்வு தானாகப் போகாது என்பதால், களிம்பைத் தொடர்ந்து பூச வேண்டியிருக்கும்.

ஹார்மோன் எடுக்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டோ மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கல்லீரல் பழுதானவர்கள். ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையம் போன்ற இடங்களில் மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரசோல், அனாஸ்ட்ரசோல் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் எடுக்கும் பெண்களுக்கு உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனும் வற்றிவிடுகிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூட்டுவலி வருகிறது. ஈஸ்ட்ரோஜனுக்கும் வலிக்கும் உள்ள உறவுக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. யேல் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட 121 பெண்களிடம் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரும் நம்பிக்கை தந்தது. வாரம் இரண்டு நாள் தசைப்பயிற்சி, வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. ஓராண்டில் கடும் மூட்டுவலி 29 சதவீதம் குறைந்தது. ஹார்மோன் துளியும் சேர்க்காமல் கிடைத்த நிவாரணம் இது.

வேக நடை சரி, தசைப்பயிற்சிக்கு எங்கே போவது என்று தட்டாஞ்சாவடியில் யாராவது கேட்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதும், சுவரில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளித் தள்ளி வருவதும், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்குவதும் தசைப்பயிற்சிதான். நாளெல்லாம் நின்று வேலை செய்கிறோமே, அது போதாதா என்றால், போதாது. நிற்பது தசையைக் களைப்பாக்குகிறது. பளுவுக்கு எதிராக மடங்கி நிமிர்ந்தால்தான் அது வலுப்படும். வேர்வைக்கும் தூக்கத்துக்கும் வேறு துணைகளும் இருக்கின்றன. லண்டனில் மைரா ஹன்டர் குழு 2012-ல் காட்டியபடி, எண்ணங்களைக் கையாளப் பழக்கும் உரையாடல் சிகிச்சையால் வேர்வையின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாவிட்டாலும் அது தரும் தொல்லை நன்றாகக் குறைந்தது. வென்லஃபாக்சின், கபாபென்டின் போன்ற மருந்துகளும் பயன்படுகின்றன. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்பவர்கள் மட்டும், வேர்வைக்குக் கொடுக்கப்படும் பராக்சடின் என்ற மருந்தைத் தவிர்க்க வேண்டும். அது டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும்.

இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வின் கணக்கில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருக்கிறது. பலருக்கு அது முப்பதுகளிலேயே நடந்துவிடுகிறது. தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் சில நாட்களிலேயே சரிந்துவிடும். இவர்களின் வலியும் மனத்தளர்ச்சியும் மற்றவர்களைவிடக் கடுமை. எலும்பும் இதயமும் சீக்கிரம் பலவீனமாகும். தடை ஏதும் இல்லாவிட்டால், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது இவர்கள் ஹார்மோன் எடுப்பது நல்லது என்பதில் மருத்துவ உலகில் பொதுவான உடன்பாடு உண்டு. கர்ப்பப்பை இல்லாததால் புரோஜெஸ்டிரோன் பொதுவாகத் தேவைப்படாது. மனதைக் குழப்பும் அந்தப் பாதி இவர்களுக்கு இல்லை.

ஆனால் 'கர்ப்பப்பையை எடுத்தாச்சு' என்று மட்டும் சொல்லத் தெரிந்த பெண்களில் பலருக்குச் சினைப்பையும் போனதா என்பது தெரியாது. அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எழுதியிருக்கும். பீரோவில் ரேஷன் கார்டோடு கிடக்கும் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். படிக்கத் தெரிந்த மகளோ மகனோ 'இரு சினைப்பைகளும் நீக்கம்' என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால், வயது 45-க்குள் என்றால், அடுத்த ஓ.பி. நாளிலேயே மகளிர் நோய் மருத்துவப் பிரிவில் அதைக் காட்டி, 'எனக்கு ஹார்மோன் வேண்டுமா, ஜெல்லா மாத்திரையா' என்று கேளுங்கள்.